ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் காலாவதி: நஷ்டஈடும் கிடைக்காதா?

கேள்வி இதுதான். கடலூர் மாவட்டம் ரெட்டிச்சாவடியைச் சேர்ந்த இருவர் இரவு எட்டரை மணிக்கு ஒரே பைக்கில் புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்புகிறார்கள். புதுச்சேரி எல்லைக்குள் கிருமாம்பாக்கம் அருகே எதிரே வந்த கார் இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று வலப்பக்கம் திரும்ப, பைக் அதன் பக்கவாட்டில் மோதுகிறது. ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிவு. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தலையில் அடி, மூளையில் ரத்தக்கசிவு. இருவருமே ஹெல்மெட் போடவில்லை. ஓட்டியவரின் லைசென்ஸ் எட்டு மாதத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது. "சட்டத்தை மீறினவங்க நீங்க, உங்க கேஸ் நிக்காது" என்று கார் தரப்பு சொல்கிறது. நிற்குமா?

நிற்கும். ஆனால் அந்த இரண்டு பேருக்கும் கணக்கு ஒன்றாக இருக்காது. ஏன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

போக்குவரத்து விதியை மீறுவது ஒரு குற்றம். அதற்கு அபராதம் உண்டு, அதை வசூலிப்பது அரசாங்கத்தின் வேலை. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் கேட்பது வேறு: இந்த மீறலால்தான் இந்த விபத்து நடந்ததா? அல்லது இந்த மீறலால்தான் இந்தக் காயம் இவ்வளவு பெரிதானதா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், அந்த மீறல் எவ்வளவு பெரிய குற்றமாக இருந்தாலும் நஷ்டஈட்டில் ஒரு ரூபாய் குறையாது. விதிமீறல் என்பது கவனக்குறைவுக்கு ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

லைசென்ஸ் விஷயத்தை இதில் வைத்துப் பாருங்கள். அந்த லைசென்ஸ் அன்று காலை புதுப்பிக்கப்பட்டிருந்தால் கார் இண்டிகேட்டர் போட்டிருக்குமா? போட்டிருக்காது. காகிதத்தில் தேதி முடிந்ததால் கைக்கும் காலுக்கும் ஓட்டத் தெரியாமல் போய்விடாது. லைசென்ஸே எடுக்காத ஒருவர் இருசக்கர வாகனத்தில் வந்து சிறிய லாரியோடு மோதிய வழக்கில், 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்குத் தண்டனை தனி, அதை மட்டும் வைத்து விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்று முடிவு கட்ட முடியாது. பைக்கில் மூன்று பேர் போனதற்கும் இதே அளவுகோல்தான். பின்னாலிருந்து கார் வந்து மோதிய வழக்கில், மூன்று பேர் போனார்கள் என்பதற்காக நஷ்டஈட்டில் 10 சதவீதம் பிடித்ததை உச்ச நீதிமன்றம் 2020-இல் ரத்து செய்தது. மூன்றாவது ஆள் ஏறியதால் வண்டி தடுமாறியது, பிரேக் பிடிக்க முடியவில்லை என்று எதிர்த்தரப்பு காட்டினால் பிடிக்கலாம். பின்னாலிருந்து இடிக்கப்பட்டவர் மூன்று பேராக இருந்தால் என்ன, ஒருவராக இருந்தால் என்ன?

ஆனால் இதை வைத்துக்கொண்டு லைசென்ஸ் ஒன்றுமே இல்லாத விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு இடத்தில் அது கடிக்கும். ஒன்று, வேறு ஒரு தவறும் கூடவே இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2017-இல் கோயம்புத்தூரில் நடந்த விபத்து: முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் திடீரென்று பிரேக் அடித்தது, பின்னால் வந்த பைக் அதில் மோதி விழ, அதற்கும் பின்னால் வந்த பஸ் ஏறியதில் பைக்கில் வந்த மாணவர் காலை இழந்தார். 2025-இல் உச்ச நீதிமன்றம் பிரித்த பங்கு: கார் 50, பஸ் 30, மாணவர் 20. முன்னால் போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விடாததும், செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாததும் அவர் பக்கத்துக் குறைகளாகச் சொல்லப்பட்டன. இரண்டாவது இடம் உங்கள் சொந்த பாலிசி. பைக் உரிமையாளரே ஓட்டி இறந்துபோனால் கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு, செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே விபத்துக்கும் லைசென்சுக்கும் தொடர்பு உண்டா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இப்போது ஹெல்மெட். இது விபத்தை உண்டாக்குவதில்லை, காயத்தைத்தான் பெரிதாக்குகிறது. அதனால் கேள்வி எலும்புக்கு எலும்பு மாறும். தொடை எலும்பு முறிந்த ஓட்டுநருக்கு ஹெல்மெட் போட்டிருந்தால் எலும்பு முறியாமல் இருந்திருக்குமா? அவரிடம் ஹெல்மெட்டைக் காட்டி ஒரு பைசா பிடிக்க நியாயமே இல்லை. பின்னால் இருந்தவர் நிலைமை வேறு. தலைக்காயம், ரத்தக்கசிவு. மோட்டார் வாகனச் சட்டம் 129-ஆம் பிரிவு பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. இந்த மாதிரி வழக்குகளில் பத்து, பதினைந்து சதவீதம் பிடித்த தீர்ப்புகளும் சென்னை உயர் நீதிமன்றத்தில் உண்டு, எதுவும் பிடிக்காமல் விட்ட தீர்ப்புகளும் உண்டு. ஹெல்மெட் போட்டிருந்தால் இந்தக் காயம் குறைந்திருக்கும் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் தரப்புக்கு. அவர்கள் பதிலுரையில் ஒரு வரி எழுதிவிட்டு, டாக்டரிடம் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் போவது சாதாரணமாக நடக்கிறது. உங்கள் வக்கீல் அதைக் கவனித்து வாதத்தில் சொல்ல வேண்டும்.

'பாண்டியில ஹெல்மெட் யாரு கேக்குறா' என்ற பேச்சு கடலூர்ப் பக்கம் ரொம்ப நாளாக உண்டு. தீர்ப்பாயத்தில் அது எடுபடாது. மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் மாறிவிடாது. போலீஸ் பிடிக்கிறதா இல்லையா என்பது போலீசைப் பொறுத்த விஷயம்.

சரி, எந்த மீறல்தான் கிட்டத்தட்ட நேரடியாகக் கவனக்குறைவு ஆகிறது? வண்டி ரோட்டில் எப்படி நகர வேண்டும் என்பதற்கான விதிகளை மீறுவது. காகித விதிகளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: இவை இன்னொருவர் உடம்பைக் காப்பாற்றவென்றே எழுதப்பட்டவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 184-ஆம் பிரிவே ஒரு பட்டியலைத் தருகிறது. சிகப்பு விளக்கைத் தாண்டுவது, நிறுத்தக் குறியை மதிக்காமல் போவது, ஓட்டிக்கொண்டே கையில் போன் வைத்திருப்பது, விதிக்கு மாறாக முந்துவது, போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவது இவையெல்லாம் ஆபத்தாக ஓட்டுவதில் சேரும். புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் சிகப்பில் பாய்ந்தவர், பச்சையில் வந்தவர் மேல் மோதிவிட்டு அவரிடம் லைசென்ஸ் இல்லை என்று வாதாடினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். உங்கள் வழக்கில் கார் செய்ததும் இந்த வகைதான். வலப்பக்கம் திரும்புகிறவர் சிக்னல் காட்ட வேண்டும், எதிரே நேராக வரும் வண்டியைப் போகவிட்டுத்தான் திரும்ப வேண்டும். புதுச்சேரி–கடலூர்–நாகப்பட்டினம் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 32-இல் இதைச் செய்யாமல் திரும்பினால் காரணத் தொடர்பைத் தேடி அலைய வேண்டியதில்லை, மோதிய இடமே சொல்லும்.

அதே சாலையில் நான்கு வழியாக மாறிய பகுதிகளில் இன்னொரு வழக்கம் வேரூன்றிவிட்டது. யு-டர்ன் தூரத்தில் இருக்கிறது என்று நூறு, இருநூறு மீட்டர் ராங் சைடில் ஓரமாக வருவது. அப்படி வருகிறவர்மேல் எதிரே நேராக வந்த வண்டி மோதினால், 'ஓரமாத்தானே வந்தேன்' என்ற வாதம் பலவீனமானது. முழுப் பொறுப்பும் போகும் என்று சொல்லமாட்டேன், நேரே வந்தவர் வேகம், வெளிச்சம், பார்த்துத் தவிர்க்க முடிந்ததா என்பதெல்லாம் உண்டு. ஆனால் பாதி போவதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

நிறுத்தி வைத்த வண்டியும் விதிமீறல்தான். கரும்பு வெட்டும் பருவத்தில் நெல்லிக்குப்பம், பண்ருட்டி சாலைகளில் டிரெய்லர் வைத்த டிராக்டர்கள் இரவில் ஓரமாக நிற்கும். பின்னால் சிவப்பு விளக்கு இருக்காது, ரிஃப்ளெக்டர் சேற்றில் மறைந்திருக்கும், கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இதில் மோதியவரைத்தான் பழையபடி குறை சொல்வார்கள்: 'நின்ன வண்டியில போய் மோதினா யார் தப்பு?' 122-ஆம் பிரிவு, மற்றவருக்கு ஆபத்தாகும்படி வண்டியைச் சாலையில் விடுவதைத் தடை செய்கிறது. இரவில் பார்க்கிங் விளக்கு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 109 சொல்கிறது. விளக்கில்லாமல் நடுச்சாலையில் நின்ற லாரியில் கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவருக்குப் பங்கே இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்தது. ஆனாலும் இந்த வழக்குகளில் முதல் நாளிலேயே ஒரு புகைப்படம் வேண்டும். மறுநாள் காலை அந்த டிரெய்லரில் புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் பளபளத்தால் அதிசயப்படாதீர்கள்.

மது பற்றியும் சொல்லியாக வேண்டும். கடலூர் முகவரி, புதுச்சேரியில் விபத்து, இரவு நேரம் என்று பார்த்தாலே இன்சூரன்ஸ் தரப்பு முதலில் கிளப்புவது இதைத்தான். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் 185-ஆம் பிரிவுக் குற்றம். 'மது வாடை இருந்தது' என்று மருத்துவமனைக் குறிப்பிலோ பிரேதப் பரிசோதனையிலோ ஒரு வரி இருப்பது போதாது. அதை வைத்து மட்டும் ஓட்டியவர் மேல் பழி போட முடியாது என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு அளவோடு இருந்தால் கதை மாறும். அப்போதும், நேராக ஓரமாக வந்தவர் மேல் கார் திரும்பி மோதியதற்கு அவர் குடித்தது எப்படிக் காரணம் என்று கேட்க உங்களுக்கு இடம் உண்டு. ஆனால் நீதிபதியின் மனநிலை அதற்குப் பிறகு உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இனி கணக்கு. இதில்தான் ஓட்டியவரும் பின்னால் இருந்தவரும் பிரிகிறார்கள். ஓட்டியவரும் வேகமாக வந்தார் என்று தீர்ப்பாயம் கருதி அவர் பங்கு 25 சதவீதம் என்று வைத்தால், 16 லட்சம் மதிப்பிட்டாலும் அவருக்கு வருவது 12 லட்சம். நீதிமன்ற வட்டாரத்தில் 'கான்ட்ரிபியூட்டரி நெக்ளிஜென்ஸ்' என்பது இதைத்தான். பின்னால் இருந்தவருக்கோ இது பொருந்தாது. அவரைப் பொறுத்தவரை பைக்காரர், கார்க்காரர் இருவரும் சேர்ந்து செய்த தவறு, 'காம்போசிட் நெக்ளிஜென்ஸ்'. அவர் முழுத் தொகையையும் இருவரில் யாரிடமிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம், கொடுத்தவர் மற்றவரின் பங்கை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதி செய்தது. ஹெல்மெட்டுக்காகப் பிடித்தால் அது மட்டும் குறையும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் உட்கார்ந்தவர் அதில் வரமாட்டார். சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் வருவார். ஆகவே பின்னால் இருந்தவர் மனுவில் கார் உரிமையாளரையும் காரின் இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். 'தெரிஞ்ச பையன் வண்டிதானே' என்று பைக் இன்சூரன்சை மட்டும் சேர்த்து மனுப்போட்டால், பாலிசி நகலைப் பார்க்கும் அன்று கை நழுவிப்போகும்.

கார் ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். இன்சூரன்ஸ் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கார் உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவிடுவது 2004 முதல் நிலைத்துவிட்ட வழி.

கடைசியில் எல்லாம் ஆவணத்தில் வந்து நிற்கும். இங்கே பெரும்பாலான வழக்குகள் கெடுவது நீதிமன்றத்தில் அல்ல, மருத்துவமனை வாசலில். அடிபட்டவரை ஆட்டோவில் கொண்டுவந்து சேர்க்கிறவர் பதற்றத்தில் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்வார். அதையே விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். காப்பி என்று சொல்வதில், தானாக விழுந்ததாக எழுதிவிடுவார்கள். இன்னொரு வண்டி மோதியது என்ற சொல்லே அதில் இல்லாமல் போகும். ஜிப்மரோ கடலூர் அரசு மருத்துவமனையோ, எங்கே முதலில் சேர்த்தாலும் அந்த நகலை முதல் வாரத்திலேயே வாங்கிப் படியுங்கள். தவறாக இருந்தால் போலீஸ் வாக்குமூலத்திலும் நேரில் பார்த்த சாட்சியிடமும் உண்மையை உடனே பதிய வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் பின்யோசனை என்பார்கள்.

அடுத்து முதல் தகவல் அறிக்கை. கார் மேல் பதிவானால் நல்லது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281, காயத்துக்கு 125 பிரிவுகள் வரும். பைக் ஓட்டியவர் மேலேயே பதிவாகியிருந்தாலும் வழக்கு செத்துவிடாது. தீர்ப்பாயம் கேட்பது எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதை மட்டுமே, குற்றவியல் நீதிமன்றத்தின் 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற அளவுகோல் அங்கே இல்லை. கார் டிரைவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானாலும் உங்கள் நஷ்டஈடு போகாது. தமிழ்நாட்டில் உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் உரசி எட்டுப் பேர் இறந்த வழக்கில், 1980-இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம் இது.

விபத்து நடந்த இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரும் வரைபடமும் கண்டிப்பாக வேண்டும். மோதிய இடம் சாலையின் எந்தப் பக்கம், ஓரத்திலிருந்து எத்தனை அடி, கண்ணாடித் துண்டுகள் எங்கே சிதறின என்று பாருங்கள். வண்டிகள் கடைசியில் நின்ற இடத்தை மட்டும் வைத்து யார் தவறு என்று முடிவு செய்ய முடியாது, மோதிய வேகத்தில் வண்டி பத்தடி தள்ளிப் போயிருக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் காரின் எந்தப் பகுதி நசுங்கியது என்று இருக்கும். இடப்பக்கக் கதவு நசுங்கியிருந்தால், கார் குறுக்கே திரும்பியிருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பிரேக், விளக்கு பழுதில்லை என்று அதில் எழுதியிருந்தால் இயந்திரக் கோளாறு என்ற சாக்கும் அடிபடும்.

வழியில் உள்ள கடை, பெட்ரோல் பங்க் கேமரா பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். முதல் வாரமே போலீசில் எழுத்து மூலம் கேட்டு, கடைக்காரரிடமும் ஒரு நகல் வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்த துண்டு வீடியோ தனியாக நிற்காது. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் பதிவின் ஹாஷ் மதிப்பும், அதாவது பதிவு திருத்தப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடும், குறிக்கப்பட வேண்டும்.

ஹெல்மெட் போடாததற்கு சலான் வந்தால் கட்டலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். கட்டுங்கள். ஹெல்மெட் போடவில்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்கிறீர்கள், விபத்துக்கு நானே காரணம் என்று அல்ல. ஆனால் 281-இன்கீழ் வழக்கு இருந்தால் 'ஃபைன் கட்டிட்டு முடிச்சிடலாம்' என்று யாராவது சொல்லி மாஜிஸ்ட்ரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் தீர்ப்பின் நகல்தான் பிறகு தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வரும். கார் டிரைவர் அப்படி ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அதே நகலை நீங்கள் வாங்கித் தாக்கல் செய்யுங்கள்.

விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்தாலும் நீங்கள் கடலூரில் குடியிருப்பதால் கடலூர் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், 166-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. இரண்டு ஊரின் மேல்முறையீடும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். சிரமம் வேறு இடத்தில்: முதல் தகவல் அறிக்கையும் மகஜரும் புதுச்சேரி போலீசிடம், சிகிச்சை ஏடு ஒருவேளை ஜிப்மரில், மனு கடலூரில். சான்றிட்ட நகல்களைக் கையோடு வாங்கி வைத்துவிட்டால் அலைச்சல் பாதி குறையும். 2022 விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கையில் லைசென்ஸ், ஹெல்மெட் பற்றியெல்லாம் என்ன எழுதியிருக்கிறது என்று நகல் வாங்கிப் பாருங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்திருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடரப்பட்டிருக்கிறது, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தொடை எலும்பில் போட்ட ராடு எடுக்கிற வரை காத்திருந்து மனு போடலாம் என்று சொல்லும் உறவினர்கள் எப்போதும் இருப்பார்கள். மனுவை முதலில் போடுங்கள், ஊனச் சான்றிதழைப் பிறகு மருத்துவக் குழுவிடம் வாங்கித் தாக்கல் செய்துகொள்ளலாம்.